கோட்டைக்குப் போன மாங்காய் லாரி

கல்யாணமாகி முதலமடைக்கு வந்த நாளிலிருந்தே பாலக்காட்டுக் கோட்டையைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். நான் பொள்ளாச்சிப் பக்கம் எட்டாவது வரை படித்தவள். மைசூர்க்காரர்கள் கட்டிய கோட்டை, அதைச் சுற்றித் தண்ணீர் நிற்கும் அகழி, அகழிக்கரையில் பெரிய பெரிய மரங்களும் புல்தரையுமாக ஒரு பூங்கா என்று டீச்சர் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டியது எனக்கு அப்படியே மனதில் இருந்தது. என் வீட்டுக்காரரோ மாங்காய்க் காலத்தில், "காய் இறங்கட்டும்" என்பார். காய் இறங்கியதும், "கடலை போட்டுரலாம்" என்பார். கடலை போட்டதும் மழை வந்துவிடும்.

என்னைக் கூட்டிப்போனது என் மாமியார்தான்.

அத்தைக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். மாங்காய் வியாபாரிகள் மாமாவிடம், அதாவது என் மாமனாரிடம், பேரம் பேசுவார்கள். அத்தை களத்துக்கு வருவது தெரிந்தால் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அப்படிப்பட்ட ஆள். ஆனால் என்னிடம் வேலையைத் தவிர வேறு பேச்சுப் பேசி நான் கேட்டதில்லை. ஒருநாள் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டே, "அம்மிணி, நாளைக்கு வெடியால பொறப்படு. கோட்டைக்குப் போறோம்" என்றார்.

எனக்குக் காது சரியாகத்தான் கேட்டதா என்று சந்தேகம். "மாமாகிட்டச் சொல்லிட்டீங்களா அத்தை?"

"சொல்றதுக்கு என்ன கெடக்குது? உம்பட ஊட்டுக்காரனுக்குப் போன வருசம் காச்சல் கண்டப்ப, கோட்டைக்குள்ள இருக்கற அனுமாருக்கு வடமாலை சாத்தறேன்னு வேண்டியிருக்கறேன். சாமி காரியத்துக்கு எவன் குறுக்க நிப்பான்?"

அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை. விடியற்காலையிலேயே இரண்டு பேருமாக வடை சுட்டு, நூலில் கோத்து, தூக்குப்போசியில் வைத்துக்கொண்டோம். மாமா மாட்டுவண்டியில் ஸ்டேஷன் வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, தோப்பில் ஆள் காத்திருக்கிறது என்று திரும்பிப் போய்விட்டார். டிக்கெட் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன்.

அத்தை அதுவரை ரயிலில் ஏறியதே இல்லை என்பது அங்கே போனபிறகுதான் எனக்குத் தெரிந்தது. எங்கே போவதென்றாலும் அவருக்கு மாட்டுவண்டிதான். ரயில் வந்து நின்றது. நான் ஒரு கையில் போசியும் ஒரு கையில் அத்தையின் கையுமாகப் படியில் கால் வைத்து ஏறினேன். அத்தை முதல் படியில் கால் வைக்கவும், முன்னால் இஞ்சின் வீலென்று ஊதவும் சரியாக இருந்தது. அவர் வெடுக்கென்று கையை உருவிக்கொண்டு பின்னால் போய்விட்டார்.

"ஏறுங்க அத்தை! ஏறுங்க!"

"இருடி, அது கத்தி முடிக்கட்டும்!"

அது கத்தி முடித்ததும் நகர்ந்துவிட்டது. இறங்கலாம் என்று பார்த்தால் என் பின்னால் ஏறியவர்கள் வாசலை அடைத்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னலுக்கு ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். அத்தை பிளாட்பாரத்தில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, சொல்பேச்சுக் கேட்காத மாட்டைப் பார்ப்பதுபோல ரயிலைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த பூக்காரம்மா, "அழுவாதீங்க. அடுத்தது கொல்லங்கோடுதான். இறங்கி அங்கயே நில்லுங்க, அவங்க எப்படியும் வருவாங்க" என்று ஆறுதல் சொன்னார்.

கொல்லங்கோட்டில் இறங்கி, ஸ்டேஷனுக்கு வெளியே புளியமரத்தடியில் போசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அத்தை வீட்டுக்குத் திரும்பிப் போயிருந்தால்? அவ்வளவுதான், கோட்டை இனி இந்த ஜென்மத்தில் இல்லை. அதைவிட, அத்தையை விட்டுவிட்டு வந்ததற்கு வீட்டில் எனக்கு என்ன கிடைக்குமோ?

நல்ல வெயில் ஏறிய பிறகு தூரத்தில் பாம் பாம் என்று சத்தம் கேட்டது. புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஒரு மாங்காய் லாரி வந்து நேராக மரத்தடியில் நின்றது. டிரைவர் பக்கத்து சீட்டில் அத்தை! தலை கலைந்து, நெற்றிக் குங்குமம் வழிந்து, ரப்பர் பந்து வைத்த ஹாரனில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"பாத்தீங்களா, எம்பட மருமக இங்கதான் இருப்பான்னு சொன்னனா இல்லையா?" என்று டிரைவரிடம் சொன்னார். அப்புறம் என்னைப் பார்த்து, "வடை இருக்குதா?" என்றார்.

டிரைவர் பொள்ளாச்சிக்காரர். சிரிப்பை அடக்க முடியாமல் கீழே இறங்கி எனக்குக் கதவைத் திறந்துவிட்டார். "நடு ரோட்டுல நின்னுட்டாங்கம்மா உங்க அத்தை. பிரேக் போட்டு நிறுத்தினா, 'முன்னால போற ரயில்ல எங்க ஊட்டுப் பொண்ணு இருக்குது, அந்த வண்டியைப் புடி'ங்கறாங்க. ரயிலை லாரியில புடிக்கறதுக்கு நான் எங்கிங்க போவேன்? பாலக்காட்டு மண்டிக்குத்தான் சரக்கு போவுது. ரெண்டு பேரும் ஏறிக்குங்க."

நான் லாரியில் போனது அதுதான் முதல் தடவை. பின்னால் வைக்கோல் வைத்து அடுக்கிய கூடைகளிலிருந்து மாம்பழ வாசனை, முன்னால் இஞ்சின் சூடு, காலடியில் பலகை தடதடவென்று அதிர்கிறது. இரண்டு பக்கமும் பனைமரங்கள் பின்னால் ஓடுகின்றன. புதுநகரம் தாண்டியதும் இஞ்சின் புகைந்து வண்டி நின்றது. டிரைவர் வாய்க்காலில் தண்ணீர் மொள்ளப் போனார். அத்தை எனக்கு முன்னால் இறங்கி, கூடவே நடந்து, ஒரு வாளியை வாங்கிக்கொண்டு வந்தார். "தண்ணி காட்டாம ஓட்டினா மாடு மட்டும் போவுமா?" என்றார்.

பாலக்காட்டு வீதிக்குள் நுழைந்ததும் டிரைவர், "அம்மா, கும்பலா இருக்குது, அடிங்க" என்றார். அத்தை இரண்டு கையாலும் ஹாரனை அமுக்கினார். சைக்கிள்காரர்கள் விலகினார்கள், குடை பிடித்துப் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அத்தை இன்னும் பலமாக அமுக்கினார்.

ஒரு மைதானத்து ஓரத்தில் எங்களை இறக்கிவிட்டு, அத்தை அவிழ்த்துக் கொடுத்த நாலு வடையையும் வாங்கிக்கொண்டு டிரைவர் போனார். "சாமிக்கு மாலை கொஞ்சம் கொறையுதே அத்தை" என்றேன். "சாமிதானே லாரியை அனுப்பிச்சது" என்றார்.

திரும்பினேன். கோட்டை எதிரே நின்றது.

டீச்சர் வரைந்த படத்தில் அது கரும்பலகை அளவுதான் இருந்தது. இங்கே கருங்கல் சுவர், அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரத்துக்கு நின்றது. அகழித் தண்ணீர் பச்சையாகக் கிடந்தது. ஆமை ஒன்று தலையை நீட்டி எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே போயிற்று. கரையோரம் மரங்களடியில் ஆட்கள் துண்டை விரித்துப் படுத்திருந்தார்கள். நான் அத்தையை விட்டுவிட்டு ஓடினேன். புருஷன் வீட்டுக்கு வந்த பெண் ஓடலாமா என்ற யோசனையே வரவில்லை. சுவரைத் தொட்டுப் பார்த்தேன். வெயிலில் தோசைக்கல் மாதிரிச் சுட்டது.

அனுமாருக்கு மாலை சாத்திக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்ததும், வீட்டுக்குக் கிளம்பச் சொல்வார் என்றுதான் நான் நினைத்தேன். அத்தை சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவரிடம், "ஏனுங்க, இதும் மேல ஏற வழி இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

"உண்டு அம்மே, அவிடெ சரிவுண்டு. பதுக்கெக் கேறணும்" என்று அவர் ஒரு மண்சரிவைக் கை காட்டினார். மெதுவாக ஏற வேண்டுமாம். அத்தையா மெதுவாக ஏறுகிறவர்! சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் மேலே போய் நின்றுவிட்டார்.

மேலே கிழக்கேயிருந்து கணவாய்க் காற்று ஆளைத் தள்ளுகிறது. வடக்கே ஒரு மலை, தெற்கே ஒரு மலை, நடுவில் ஓட்டுக் கூரைகளும் தென்னைகளும் வயலும். அத்தையின் முந்தானை பறந்துபோய் என் முகத்தில் அடித்தது. அதைப் பிடிக்கப் போய் நான் தடுமாற, அவர் என்னைப் பிடிக்க, இரண்டு பேருமாகப் பொத்தென்று உட்கார்ந்துவிட்டோம். அத்தை சிரிக்க ஆரம்பித்தார். வாய்விட்டு, கண்ணில் தண்ணீர் வருகிற சிரிப்பு. அவருக்கு முன்பல் ஒன்று கொஞ்சம் வளைந்திருக்கும் என்பதை அன்றுதான் பார்த்தேன்.

சாயங்கால ரயிலில் திரும்பினோம். என் தோளைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியபடி ஏறியவர், உட்கார்ந்த பிறகும் இரண்டு ஸ்டேஷன் வரை கண்ணைத் திறக்கவில்லை.

வீட்டில் மாமா, "எப்படி இருந்துது கோட்டை?" என்று கேட்டார்.

"மேல நல்லாக் காத்து வருதுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அத்தை அடுப்படிக்குப் போய்விட்டார். லாரியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துத் தோப்பில் காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, அக்கம்பக்கம் யாரும் இல்லையா என்று பார்த்துக்கொண்டு அத்தை என் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"அம்மிணி, மலம்புழாவுல பெரிசா அணை கட்டறாங்களாமே? அது எந்தப் பக்கம்?"