பதினேழு இன்ச்

என் தங்கை என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். லேப்டாப்பின் திரை பெரிதாக இருக்க வேண்டும். எவ்வளவு பெரிது என்பதையும் அவளே சொன்னாள், பதினேழு இன்ச். "மத்ததெல்லாம் உன் இஷ்டம்ணே" என்றாள். நான் திரையையும் சேர்த்து எல்லாவற்றையும் என் இஷ்டப்படி முடித்தேன்.

சங்கரன்கோவிலில் எங்கள் தெருவில் யார் போன் வாங்கினாலும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வாங்க மாட்டார்கள். நான் ஓர் அலுவலகத்தில் எழுத்தர். அங்கே என் பேச்சை நாய்கூட மதிக்காது. தெருவில்தான் மரியாதை. ரேம் எவ்வளவு, ப்ராசஸர் எந்தத் தலைமுறை என்று நான் அடுக்கிக்கொண்டே போக, எதிரில் நிற்பவர் ஒன்றும் புரியாமல் தலையாட்டுவதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சுகம். அந்தச் சுகத்துக்காகத் தேவையில்லாததையும் சேர்த்தே சொல்வேன்.

அப்போது அவளுக்கு வயது முப்பத்திரண்டு, எனக்கு முப்பத்தாறு. அவள் கல்யாணம் முடியாமல் என் கல்யாணப் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது என்பது வீட்டில் எழுதாத சட்டம். கூடப் படித்தவர்களின் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டிக்கொண்டு என் வீட்டைத் தாண்டிப் போவார்கள். நான் பார்த்துக்கொண்டு நிற்பேன். இதற்கெல்லாம் அவள்தான் காரணம் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டிருந்தேன். அவளை நான் ஒரு நாளும் அடித்ததில்லை. அடிக்காமலே செய்யக்கூடியது நிறைய இருந்தது.

அவளுடைய இடது கண்ணில் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. பார்த்தால் வித்தியாசம் தெரியாது. வலது கண்ணும் கண்ணாடி போட்டால்தான் வேலை செய்யும், அதுவும் எதையும் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால்தான். எங்கள் வீட்டில் இதை வாய்விட்டுப் பேசுவது கிடையாது. பேசினால் வெளியே போய்விடும், வெளியே போனால் மாப்பிள்ளை வரமாட்டான். கண் டாக்டரைப் பார்க்கத் திருநெல்வேலிக்குப் போகும்போதெல்லாம் அம்மா பக்கத்து வீட்டுக்காரர்களிடம் துணி எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்புவாள். கண்ணாடியை வீட்டுக்குள் மட்டும் போட்டுக்கொள்ளலாம். பெண் பார்க்க வருகிறவர்களை அவளுடைய வலப்பக்கம் உட்காரும்படி நாற்காலி போட்டுவைப்பது என் பொறுப்பு. பதினோரு தடவை போட்டிருக்கிறேன். கடைசியாகக் கரிவலம்வந்தநல்லூரிலிருந்து வந்தவர்கள் கேசரி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவ்வளவுதான்.

இதற்கிடையில் அவளே ஒரு வேலையைத் தேடிப் பிடித்தாள். சென்னையில் ஒரு கம்பெனி, வீட்டிலிருந்தே செய்யலாம். யாரோ கையால் நிரப்பிய படிவத்தின் படம் திரையின் இடப்பக்கம் வரும். அதைப் படித்து வலப்பக்கம் இருக்கும் கட்டங்களில் அடிக்க வேண்டும். முதலில் ஆன்லைனில் ஒரு தேர்வு. அதில் தவறினால் மறுபடி எழுத விடமாட்டார்கள்.

"இது மட்டும் கெடச்சுட்டா இனிமே எவன் முன்னாடியும் காப்பித் தட்டோட போய் நிக்க மாட்டேன். அம்மாட்ட நானே சொல்லிருதேன்" என்றாள். பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துச் சேர்த்த ஐம்பதாயிரம் அவள் கையில் இருந்தது. அதற்கு மேல் பத்து பைசா கிடையாது.

திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் போனோம். பஸ்ஸில் எங்கள் ஊர்க்காரர்கள் இருந்ததால் கண்ணாடி கைப்பைக்குள்ளேயே கிடந்தது. கடைக்குள் நுழைந்த பிறகுதான் எடுத்துப் போட்டுக்கொண்டாள். பதினேழு இன்ச் இப்போது அதிகம் வருவதில்லை, வந்தாலும் விலை எக்கச்சக்கம். கடைக்காரர் யோசித்துவிட்டு உள்ளேயிருந்து ஒன்றைத் தூசி துடைத்து எடுத்துவந்தார். பழைய மாடல், நாற்பத்து மூன்றாயிரம் சொன்னார்.

"ரேம் எட்டுதான் இருக்கு சார், இன்னொரு எட்டு போட எடம் இருக்கு. உள்ள இருக்க ஹார்டு டிஸ்க்கக் கழட்டிட்டு எஸ்.எஸ்.டி. மாட்டித் தாரேன். எல்லாம் அம்பதுக்குள்ள அடங்கிரும்."

அவள் அதன் முன்னால் உட்கார்ந்தாள். ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து உதட்டை அசைத்து வாசித்தாள். நாற்காலியை ஒரு சாண் பின்னால் தள்ளிவிட்டு மறுபடி வாசித்தாள். இன்னும் ஒரு சாண் தள்ளினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"என்னட்டி, சினிமாவா பாக்குத? இன்னும் தள்ளு, ரோட்டுல போய் உக்காரு" என்றேன்.

கடைப் பையன்கள் சிரித்தார்கள். அவள் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

நான் அந்த மெஷினைப் பிரித்து மேயத் தொடங்கினேன். ப்ராசஸர் ஆமை. திரையில் ஆயிரத்து அறுநூறுக்குத் தொள்ளாயிரம் புள்ளிதான், இந்தக் காலத்தில் இதை எவன் வாங்குவான் என்றேன். "புள்ளி கொறைச்சலா இருந்தா எழுத்து பெருசாத் தெரியும்லா சார். தங்கச்சிக்கு அது நல்லதுதான" என்றார் கடைக்காரர். அந்த மனிதருக்கு ஐந்து நிமிடத்தில் புரிந்துவிட்டது. தங்கச்சிக்கு என்ன நல்லது என்று எனக்குத் தெரியும், நீங்கள் உங்கள் வேலையைப் பாருங்கள் என்று அவர் வாயை அடைத்தேன்.

பக்கத்து மேசையில் பதினைந்தரை இன்ச்சில் வேறொன்று இருந்தது. தனி கிராபிக்ஸ் கார்டு, பதினாறு ரேம். ஐம்பதுக்குப் பேசி முடிக்கலாம். எனக்கு வீடியோ வெட்டி ஒட்டிச் சேனல் ஆரம்பிக்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை. சாயங்காலம் அவள் வேலை முடிந்ததும் மெஷின் சும்மாதானே கிடக்கும் என்று கணக்குப் போட்டேன்.

"அண்ணே, பெருசு வேணும்னு சொன்னேம்லா."

"ரெண்டு வெரக்கட வித்தியாசம். அதுக்குப் போயி இந்தச் சவத்தயா வாங்குவாங்க? உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு."

அவள் சும்மா இருந்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இவ்வளவு தள்ளி உட்கார்ந்தால் எனக்கு அதில் தெரியாது அண்ணே என்று. முப்பத்திரண்டு வருஷமாக எந்த வார்த்தையைச் சொல்லாதே என்று வாயைப் பொத்தி வளர்த்தோமோ, அதைக் கடையில் நாலு பேர் நடுவில் அவள் எப்படிச் சொல்வாள்? பணத்தை எடுத்து என் கையில் கொடுத்தாள். திரும்பி வரும்போது பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். பனவடலிசத்திரம் தாண்டும்வரை கிராபிக்ஸ் கார்டின் பெருமையை நான் அவளுக்கு விளக்கிக்கொண்டு வந்தேன்.

அம்மா லேப்டாப்பின் மேல்மூடியில் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். நான் அதில் முதலில் ஏற்றியது வீடியோ வெட்டும் மென்பொருள். மெஷினின் முதலாளியாக என் பெயரைப் பதிந்தேன். அதற்குக் கீழே அவளுக்கு ஒரு சின்னக் கணக்கு. ஏதாவது மாற்ற வேண்டுமென்றால் என் பாஸ்வேர்டு வேண்டும்.

தேர்வுக்கு இரண்டு நாள் இருந்தது. கம்பெனி அனுப்பிய மாதிரித் தேர்வைத் திறந்தோம். எழுத்து எறும்பு அளவில் இருந்தது. பெரிதாக்கச் சொன்னாள். நூற்றைம்பது சதவீதத்துக்கு ஏற்றினேன், வலப்பக்கக் கட்டங்கள் திரைக்கு வெளியே போய்விட்டன. நூற்று இருபத்தைந்திலும் கடைசிக் கட்டம் காணவில்லை. பழையபடி நூற்றுக்கே இறக்கினேன். வேறு திரையை இணைத்தால் தேர்வே திறக்காது என்று விதிகளில் போட்டிருந்தது. மீதி விதிகளையும் நானே சத்தமாக வாசித்துக் காட்டினேன். கேமராவில் முகம் முழுசாகத் தெரிய வேண்டும். முகம் நகர்ந்தால் எச்சரிக்கை வரும். மூன்றாவது எச்சரிக்கையில் தேர்வு மூடிக்கொள்ளும்.

"அப்போ எவ்வளவு தள்ளி உக்காரணும்?" என்று கேட்டாள்.

"ஒரு கை தூரம்."

அவள் கையை நீட்டி விரல் நுனியால் திரையைத் தொட்டாள். அந்தத் தூரத்திலிருந்து சிறிது நேரம் பார்த்தாள். பிறகு "சரி" என்றாள்.

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. கடையில் அவள் ஏன் நாற்காலியைத் தள்ளித் தள்ளி உட்கார்ந்தாள் என்பது அந்த நொடியில் புரிந்தது. பிறகு பல பேரிடம் "எனக்கு எப்படித் தெரியும்?" என்று கையை விரித்திருக்கிறேன். அது பொய். மறுநாள் காலை முதல் பஸ் ஏறியிருந்தால் கடைக்காரர் மாற்றிக் கொடுத்திருப்பார். ஆனால் மென்பொருள் முழுதும் ஏற்றி முடித்திருந்தேன், அது வெண்ணெய் மாதிரி ஓடியது. அவள் எப்படியாவது சமாளித்துக்கொள்வாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தேர்வு காலை பத்து மணிக்கு. அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது என்பதால் நான் கதவு இடுக்கு வழியாகப் பார்த்தேன். முதலில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். ஒரு நிமிடம் எதையுமே அடிக்கவில்லை. பிறகு கழுத்து நீண்டது. இன்னும் கொஞ்சம் நீண்டது. திரையின் மூலையில் ஒரு சின்ன சதுரத்தில் கேமரா அவளைக் காட்டிக்கொண்டிருந்தது, அதில் வகிடும் நெற்றியும் மட்டும் தெரிந்தன. முதல் எச்சரிக்கை வந்ததும் விருட்டென்று பின்னால் போனாள். நிமிர்ந்தபடியே குத்துமதிப்பாக அடித்துப் பார்த்தாள். மறுபடி குனிந்தாள். விரல்கள் வேகமாகத்தான் ஓடின. படிக்க முடிந்ததையெல்லாம் சரியாக அடித்திருப்பாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பதினொன்றாவது படிவத்தில் மூன்றாவது எச்சரிக்கை வந்து திரை வெள்ளையாகிவிட்டது.

நான் கதவைத் தள்ளிக்கொண்டு போய் முதலில் சொன்ன வார்த்தை இதுதான். "நேரா உக்காருன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். ஒழுங்கா நேரா உக்காந்திருக்கலாம்லா?"

"நேரா உக்காந்தா எனக்குக் கண்ணு தெரியாதுண்ணே" என்றாள். அவள் சத்தம் போடவில்லை, ஆனால் அந்த வார்த்தை அந்த வீட்டில் முதல் தடவையாகக் கேட்டது. "எனக்குக் கண்ணு தெரியாது. உனக்குத் தெரியாதா? அம்மாக்குத் தெரியாதா?"

அம்மா அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள். அவளைக் கட்டிப்பிடிப்பாள் என்று நினைத்தேன். நேரே போய்ச் சன்னலைச் சாத்தினாள்.

"மெதுவாப் பேசுட்டி. அடுத்த வீட்டுல எல்லாரும் இருக்காங்க. ஞாயித்துக்கெழம வாசுதேவநல்லூர்லருந்து வாராங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் பன்னிரண்டாவது தடவையாக வலப்பக்கம் நாற்காலிகளைப் போட்டேன். அம்மா சொன்னபடி லேப்டாப்பையும் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். பெண் கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறாள் என்று சொன்னால் ஒரு மதிப்பு என்பது அம்மாவின் எண்ணம். மாப்பிள்ளை பையன் ஒரு வங்கியில் இருந்தான், நல்ல மாதிரியாகத் தெரிந்தான். அவன் அப்பா காப்பியைக் குடித்துக்கொண்டே, "இதுலயாம்மா வேலை பாக்குத?" என்று கேட்டார்.

"ஆமா. காட்டட்டுமா?" என்றாள்.

இடுப்பில் செருகியிருந்த கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, மூக்கு திரையில் படும் அளவுக்குக் குனிந்தாள். அப்படியே முகத்தை இடமிருந்து வலமாக நகர்த்தி ஒரு வரி வாசித்தாள், அடுத்த வரிக்கு மறுபடி இடப்பக்கம் வந்தாள். ஐந்தாறு வரி நிதானமாக வாசித்தாள். பையனின் அம்மா தன் புருஷனைப் பார்த்தாள், அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"எடது கண்ணுல சுத்தமாத் தெரியாது மாமா. இந்தக் கண்ணுக்கு இவ்வளவுதான் தெரியும்" என்று நிமிர்ந்து சொன்னாள்.

அவர்கள் மரியாதையாகவே எழுந்து போனார்கள். அம்மா அடுக்களையில் உட்கார்ந்து, குடும்ப மானத்தைக் கப்பலேற்றிவிட்டாளே என்று வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு யாரும் பெண் பார்க்க வரவில்லை, எனக்குப் பெண் கொடுக்கவும் யாரும் வரவில்லை. தேர்வில் தேறி அவள் வாங்க நினைத்த விடுதலையைத் தேறாமலே வாங்கிக்கொண்டாள். சம்பளம்தான் இல்லை. இப்போதும் டியூஷன்தான் எடுக்கிறாள், கண்ணாடியைப் போட்டுக்கொண்டே கடைத்தெருவுக்குப் போய்வருகிறாள்.

அன்றைக்கு அவர்கள் போன பிறகு லேப்டாப்பை மூடி என் பக்கம் தள்ளினாள். "எடுத்துக்கோண்ணே. ஒனக்கு வாங்குனதுதான" என்றாள்.

வேண்டாம் என்று ஒரு பேச்சுக்காவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, எடுத்துக்கொண்டேன். அதன் பணத்தை இதுவரை நான் திருப்பிக் கொடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. சேனல் நாலு வீடியோவோடு நின்றுபோனது. இதை அந்த மெஷினில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு கை தூரத்தில், நேராக உட்கார்ந்து எழுதுகிறேன். எனக்கு எல்லாம் நன்றாகத் தெரிகிறது.