ஐந்து இருபத்திரண்டு முதல் ஆறு ஒன்று வரை

வைதேகி போய்விட்ட செய்தியை எனக்குச் சொன்னவன் அன்வர். போன செவ்வாய்க்கிழமை காலை அடையாறு டிப்போ சிக்னலில் முன்னால் நின்ற ஆட்டோவைப் பார்த்து ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "சேகரு, எங்க கீற? வண்டிய ஓரமா நிப்பாட்டு" என்றான். நிறுத்தினேன். "நம்ம வைதேகி போய்ட்டாங்கடா. காலைல அஞ்சு மணிக்கு." என்ஜினை அணைத்தேன். அவனே தொடர்ந்தான். "பாவம்டா. என்னைப் பாக்கும்போதெல்லாம் அந்தப் பழைய மோடத்தச் சொல்லி வருத்தப்பட்டுக்கினே இருந்தாங்க. ஒரு மெஷின் ஹேங்க் ஆகித் தொங்கிப் போச்சு. அதுக்கு எத்தினி வருசம் சாரி கேப்பாங்க?"

நம் பிளையிங் கிளப்பின் பழைய உறுப்பினர்கள் கூடும் அஞ்சலிக் கூட்டத்தில் வாசிக்க இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வா என்று கேட்டவனும் அவன்தான். நான்கு நாளாக எழுதுகிறேன். எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கிறேன், பால்கனியில் நிற்கிறேன், திரும்ப வந்து முதல் வரியை அடிக்கிறேன். வைதேகி இருந்திருந்தால் "உக்காந்து எழுதேன், நாற்காலில முள்ளா இருக்கு?" என்று கேட்டிருப்பாள். அவளும் ஓரிடத்தில் உட்காருகிற ஆள் இல்லை என்பது வேறு விஷயம். அவர், இவர் என்று மரியாதையாக எழுதினால் யாரைச் சொல்கிறேன் என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும். அவள் என்றே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் கடைசி வருடங்கள். கிளப்பில் மூன்று சின்ன விமானங்கள் இருந்தன. பறக்கத் துடித்தவர்கள் அறுபது பேர். விமானம் வேண்டுமென்றால் மின்சார ரயில் பிடித்து மீனம்பாக்கம் வரை போய் ஒரு நீளமான நோட்டில் பெயர் எழுதிவிட்டு வர வேண்டும். வைதேகி அடையாறில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் வேலை பார்த்தாள். அன்வரையும் என்னையும் போல அவளும் பறக்கக் கற்றுக்கொண்டிருந்தாள். ஒரு சனிக்கிழமை, பென்சிலில் எழுதிய பெயர் செல்லுமா, பேனாவில் எழுதியது செல்லுமா என்று இரண்டு பேர் நோட்டை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். விமானமோ வெயிலில் சும்மா நின்றது. வைதேகி நடுவில் புகுந்து நோட்டை வாங்கி மூடினாள். "விமானம் மூணு, அவசரம் அறுபது. இதுக்கு நோட்டு பத்தாது" என்றாள்.

இரண்டு மாதத்தில், மயிலாப்பூர் சித்திரக்குளத்துக்குப் பக்கத்தில் இருந்த அவள் வீட்டு ஹாலில், ஃபிரிட்ஜை ஒட்டி ஒரு கம்ப்யூட்டரும் மோடமும் வந்து உட்கார்ந்தன. அதற்கென்றே தனியாக ஒரு டெலிபோன் லைன். நாங்கள் எங்கிருந்தாவது கம்ப்யூட்டர் வழியாக அந்த எண்ணுக்கு டயல் செய்தால் கறுப்புத் திரையில் அந்த வாரத்தின் அட்டவணை பச்சை எழுத்தில் வரும். ஆன்லைன் புக்கிங் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டோம். ஒவ்வொரு முறை லைன் கிடைக்கும்போதும் மோடம் கிறீச்சிடும். அவள் அம்மா சமையலறையிலிருந்து, "ஏன்டி, அது மறுபடியும் கத்தறது பாரு" என்பார். அவரே பக்கத்து வீட்டு மாமியிடம், "எங்காத்து ஃபிரிட்ஜ் பக்கத்துல மூணு ஏரோப்ளேன் நிக்கறது" என்று சொன்னதையும் என் காதால் கேட்டிருக்கிறேன்.

வைதேகி வைத்த விதிகள் கறாரானவை. மறுநாள் பறக்கிறவர் முதல் நாள் மாலை ஆறு மணிக்குள் உள்ளே வந்து, கட்டாயம் வருகிறேன் என்று உறுதி செய்ய வேண்டும். செய்யாவிட்டால் ஆறு மணிக்கு அந்த இடம் காலி. யார் முதலில் பார்க்கிறாரோ அவருக்கு. இருப்பது ஒரே லைன் என்பதால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே இருக்க முடியும். யாராவது அதை மறந்துவிட்டு டீ குடிக்கப் போனால் மற்றவர்கள் தவிப்பார்களே என்று, இரண்டு நிமிடம் எந்த விசையும் அழுத்தாவிட்டால் தானாகவே இணைப்பைத் துண்டித்துவிடும்படி எழுதியிருந்தாள். "மறதிக்கு மருந்து வெச்சிருக்கேன். பேராசைக்கு இன்னும் கண்டுபிடிக்கலை" என்று சொல்லிச் சிரித்தாள். அன்று நானும் கூடச் சிரித்தேன்.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் அடித்தது. இரண்டு விமானங்கள் பழுதுபார்க்கப் போயிருந்தன, ஓடியது ஒன்றே ஒன்று. எனக்கும் அன்வருக்கும் எழுத்துத் தேர்வின் செல்லுபடிக் காலம் ஒரே திங்கட்கிழமையோடு முடிந்தது. அதற்குள் பாக்கியிருந்த பறத்தலை முடிக்காவிட்டால் எல்லாப் பரீட்சையையும் திரும்ப எழுத வேண்டும். இருவருக்கும் மிச்சம் ஒரே ஒரு பயணம். அவனுக்குச் சனிக்கிழமை காலை, எனக்கு ஞாயிற்றுக்கிழமை காலை. வெள்ளிக்கிழமை மத்தியான ரேடியோச் செய்தியில் வங்கக்கடலில் புயல் சின்னம் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை பலத்த மழையாம்.

அன்று மாலை ஐந்து இருபத்திரண்டுக்கு, தி.நகரில் என் அண்ணன் ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து டயல் செய்தேன். என்னுடைய ஞாயிற்றுக்கிழமையை ஒருமுறை பார்க்கத்தான் உள்ளே போனேன், சத்தியமாக வேறு எண்ணம் இல்லை. சனிக்கிழமை கட்டத்தில் அன்வரின் பெயர் இன்னும் உறுதி செய்யப்படாமல் இருந்தது. ராயப்பேட்டையில் அவன் மச்சானுடைய டி.டி.பி. கடையில் கம்ப்யூட்டர் ஐந்தரைக்குத்தான் அவனுக்குக் கிடைக்கும். கடைசி அரை மணியில்தான் அவன் எப்போதும் உறுதி செய்வான். எனக்கு அது தெரியும். வெளியே வர ஒரு விசையைத் தட்ட வேண்டும். தட்டவில்லை. இரண்டு நிமிடம் ஆகப்போகும்போது வேறொரு விசையைத் தட்டினேன். அப்புறம் ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு தடவை தட்டிக்கொண்டே இருந்தேன். கால் ஆடிக்கொண்டிருந்தது, கண் சுவர்க் கடிகாரத்தை விட்டு நகரவில்லை. ஆறு மணிக்குத் திரையில் அவன் பெயர் போய்க் கட்டம் காலியானது. என் பெயரைப் போட்டேன். ஆறு ஒன்றுக்கு வெளியே வந்தேன்.

ராயப்பேட்டையில் அன்வர் அந்த அரை மணியும் டயல் செய்துகொண்டே இருந்திருக்கிறான். கிடைக்காமல் வைதேகியின் வீட்டு எண்ணுக்குப் பேசி, "ஆன்ட்டி, நீங்களாச்சும் என் பேர அதுல போட்டுருங்க" என்று கெஞ்சியிருக்கிறான். "எனக்கு அதைத் தொடவே பயம்ப்பா. செவப்பு லைட்டு எரியறது, யாரோ பேசிண்டிருக்கா போலருக்கு" என்றாராம் வைதேகியின் அம்மா. வைதேகி அப்போது அடையாறிலிருந்து வரும் பஸ்ஸில் இருந்தாள். சனிக்கிழமை நான் வேலூர் வரை பறந்து திரும்பினேன். நல்ல வெளிச்சம். சந்தோஷமாகத்தான் இருந்தேன், பொய் சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமையும் திங்கட்கிழமையும் கொட்டிய மழையில் மீனம்பாக்கம் ஓடுபாதையே கண்ணுக்குத் தெரியவில்லை. அன்வரின் காலம் முடிந்தது.

அடுத்த வாரம் கமிட்டி கூடியது. நானும் அன்வரும் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தோம். வைதேகி மட்டும் நின்றாள். "யாராவது லைனைப் பிடிச்சிண்டு இருந்தாளா?" என்று செயலாளர் கேட்டார். அவள் கையிலிருந்த பேனாவின் மூடியைக் கழற்றினாள், மாட்டினாள், திரும்பக் கழற்றினாள். பிறகு, "மோடம் தொங்கிடுத்து. ரெண்டு நிமிஷத்துல கட் ஆகியிருக்கணும், ஆகலை. என் புரோகிராம்ல தப்பு" என்றாள். "அப்பவே சொன்னேன். நோட்டு தொங்காது" என்றார் செயலாளர். மறுநாளே பழைய நோட்டு வந்துவிட்டது. அவள் ஏழு மாதம் ராத்திரி பகல் பார்க்காமல் எழுதிச் சரிசெய்த வேலை, ஒரு வாக்கியத்தில் முடிந்தது. அன்வர் என் தோளில் கை போட்டு, "நீ எடுக்கலன்னா வேற எவனாச்சும் எடுத்திருப்பான் மச்சி. உனுக்காவது ஆச்சே" என்றான்.

அன்று சாயங்காலம் லஸ் பஸ் ஸ்டாப்புக்கு வைதேகி என்னை வரச் சொன்னாள். பையிலிருந்து ஓரத்தில் துளை போட்ட பிரிண்டர் காகிதம் ஒன்றை எடுத்தாள். யார் எப்போது உள்ளே வந்தார்கள், எப்போது போனார்கள் என்பதையெல்லாம் அவளுடைய கம்ப்யூட்டர் குறித்து வைத்திருந்தது. உறுப்பினர் எண் நாற்பத்தேழு, அதாவது நான், ஐந்து இருபத்திரண்டு முதல் ஆறு ஒன்று வரை. கீழேயே, எத்தனை முறை விசை தட்டப்பட்டது என்ற கணக்கும் இருந்தது.

"நீயே சொல்லுவேன்னு பாத்துண்டே இருந்தேன்" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. "ஒன் லைசென்ஸ் பேப்பர் டில்லி போயிடுத்து. கமிட்டி ஒரு கடுதாசி போட்டா அது திரும்பி வரும். அன்வரோடது போனது போனதுதான். ரெண்டு பேரோடதும் போறதுல யாருக்கு என்ன லாபம்?"

"தப்புதான் வைதேகி."

"எங்கிட்ட ஏன் சொல்றே? அவங்கிட்ட சொல்லு." காகிதத்தை என் கையில் திணித்தாள். "இது ஒங்கிட்டயே இருக்கட்டும். எங்கிட்ட இருந்தா என்னிக்காவது கோவத்துல காமிச்சுடுவேன்."

சொல்கிறேன் என்றேன். பஸ் வந்ததும் ஏறிவிட்டேன்.

அன்வர் திரும்பப் பரீட்சை எழுதி முடிப்பதற்குள் ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அதற்குள் விமானக் கம்பெனிகள் ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டன. வளைகுடாவில் ஒரு விமான நிலையத்தில் சாமான் ஏற்றும் பிரிவில் வேலைக்குப் போனான், நடுவயது தாண்டித் திருவல்லிக்கேணிக்குத் திரும்பினான். நான் கேப்டன் ஆனேன். வைதேகி எங்கே பார்த்தாலும், என் கல்யாண வரிசையில் நின்று கவரைக் கொடுக்கும்போதுகூட, குரலைத் தாழ்த்தி ஒரே வார்த்தைதான் கேட்பாள்: "சொல்லிட்டியா?" ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் வைத்திருந்தேன். அவன் ஊரில் இல்லை, அவன் அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார், நோன்பு நாள். போன மாதம் அவளை ஆஸ்பத்திரியில் பார்த்தபோது அவள் அதைக் கேட்கவில்லை. என் மகளைப் பற்றிக் கேட்டாள், ஜன்னலுக்கு வெளியே போன விமானத்தின் சத்தத்தை வைத்தே அது எந்த ரகம் என்று சொன்னாள். கேட்காமல் விட்டாளே என்று நான் நிம்மதியாக லிஃப்டில் இறங்கினேன். அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

நண்பர்களே, வைதேகியின் புரோகிராமில் தப்பே இல்லை. அது அன்றும் சரியாகத்தான் ஓடியது. தன் வேலை சரி என்று நிரூபிக்கிற காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே அவள் அதைத் தப்பு என்று சொன்னாள். அதற்குப் பிறகு அவள் விமானத்திலும் ஏறவில்லை, இன்னொரு அட்டவணையும் எழுதவில்லை. அன்வர், உன்னிடம் அவள் கேட்ட ஒவ்வொரு சாரியும் நான் கேட்டிருக்க வேண்டியது. அன்று லைனில் இருந்தது நான்தான்.

அந்தக் காகிதம் என் பீரோவில் இருக்கிறது. எழுத்து மங்கியிருக்கிறது, ஆனால் படிக்க முடிகிறது. கூட்டத்துக்கு எடுத்து வந்து, இதை வாசித்து முடித்ததும் எல்லோர் முன்னாலும் அன்வரிடம் கொடுக்கப் போகிறேன். அதை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்தாலும் சரி. கொடுத்துவிட்டால் வைதேகியின் நினைவாக என்னிடம் மிஞ்சுவது அவளுடைய ஒற்றை வார்த்தைக் கேள்வி மட்டும்தான்.

சொல்லிட்டேன், வைதேகி.