பத்து நிமிடம் இருங்கோ

எனக்கு பிரஷர் இருக்கிறது என்று தெரிந்தது நாற்பத்தோராவது வயதில். என் அப்பா நாற்பத்திரண்டில், தேயிலை மலையில் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தபோது கத்தியோடு சாய்ந்தவர். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டவன்தான் நான். ஆனாலும் எனக்கு இன்னும் ஒரு வருடம்தான் மிச்சம் என்று கழித்துப் பார்க்கும் அளவுக்குப் படித்திருந்தேன்.

லிந்துலை டவுனில் ஒரு தையல் கடையில், மெசினுக்கு முன்னால் உட்கார்ந்தே இருபது வருடம் ஓடியிருந்தது. நாள் பூராவும் கால் மிதித்துக்கொண்டிருக்கும், ஆள் ஓர் அடி நகர மாட்டான். அதை உடற்பயிற்சியில் சேர்க்கலாமா என்று டொக்டரிடம் கேட்டுப் பார்த்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்திருந்த மனிதர், சேர்க்கவில்லை.

"விடிய எழும்பி ஒரு மணித்தியாலம் நடவுங்கோ. ஒரு மாசத்தில பிரஷர் இறங்காட்டி குளிசை போடத்தான் வேணும். பிறகு ஆயுளுக்கும் விடேலாது."

"நடந்தா களைப்பா வருமேங்க?"

"வரும்தான். முதல் ரெண்டு மூண்டு கிழமை எல்லாருக்கும் வரும். பயப்பிடாதேங்கோ. களைச்சால் ஒரு பத்து நிமிசம் இருங்கோ, பிறகு நடவுங்கோ."

எங்கள் பேச்சில் 'கொஞ்சம் இருங்க' என்றால், பொறுங்க, அப்படியே நில்லுங்க என்று அர்த்தம். அதில் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. பத்து நிமிடமா, பதினைந்தா என்பதில்தான் சந்தேகம் வந்து, வாசல்வரை போனவன் திரும்பி வந்து கேட்டேன்.

தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்தில் விஷயத்தைச் சொன்னபோது என் மனைவி கொழுந்து பறித்துவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நடக்குறதுக்கா டொக்டரு சீட்டு எழுதினாரு?"

"சீட்டு எழுதல. வாயாலதான் சொன்னாரு."

"நல்லவேளை. எழுதியிருந்தா அதையும் தூக்கிக்கிட்டு மருந்துக் கடைக்குப் போயிருப்பீங்க. நாங்க நாள் முச்சூடும் கூடையோட மலை ஏறி எறங்குறோம். எங்களுக்கு என்னா நோவாம்?"

அவளுக்கு என்ன நோவு இருக்குமோ என்று அன்றைக்குப் புதிதாக ஒரு கவலை வேறு சேர்ந்துகொண்டது.

மறுநாள் விடிய நடக்கத் தொடங்கினேன். மேல் லயத்துக்குப் போகும் ஏற்றத்தில் பாதி தாண்டியதுமே கால் நனைந்த கம்பளி மாதிரி கனத்தது. நெஞ்சு, பெல்ட் நழுவிய மெசின் மாதிரி சத்தம் மட்டும் போட்டது. இது டொக்டர் சொன்ன களைப்பா, அப்பாவின் களைப்பா? இரண்டுக்கும் வித்தியாசம் எப்படிக் கண்டுபிடிப்பது என்று நான் டொக்டரிடம் கேட்காமல் விட்டிருந்தேன். அப்பாவிடமும் இனிக் கேட்க முடியாது. மேல் லயத்துக் கடைசி வீட்டு வாசலோடு மூச்சு முடிந்துபோனது. மணிக்கூட்டைப் பார்த்தபடி பத்து நிமிடம் நின்றேன். மூன்று நாள் இப்படி. மூன்று நாளும் மூச்சு அதே வாசலில்தான் முடிந்தது. நல்ல பனிமூட்டம் என்பதால் யார் கண்ணிலும் படவில்லை.

நான்காம் நாள் வானம் வெளுத்திருந்தது.

அப்போது எங்கள் லயங்களில் போன் கிடையாது. ஒரு தோட்டத்தில் சாவு விழுந்தால், வேறு தோட்டத்துச் சொந்தக்காரர்களுக்குச் சொல்ல ஓர் ஆள் போவார். விடியற்காலையில், வெறுங்கையோடு, மூச்சிரைக்க வருவார். வாசலில் நின்றுதான் சொல்வார். உட்கார மாட்டார், தேத்தண்ணி குடிக்க மாட்டார். இது எனக்கும் தெரியும். என் சாவையே நினைத்துக்கொண்டு நடந்ததில் அடுத்தவர்கள் சாவு ஞாபகத்துக்கு வரவில்லை.

கடைசி வீட்டுப் பெண் குடத்தோடு வெளியே வந்தாள்.

"என்னாங்கண்ணே, இந்நேரத்துல?"

பேச வரவில்லை. டொக்டர் கணக்கில் இன்னும் ஆறு நிமிடம் வேறு இருந்தது. பொறும்மா என்று கையைத் தூக்கிக் காட்டினேன். அவள் என் வெறுங்கையைப் பார்த்தாள்.

"அண்ணே... எங்கப்பாவா?"

அவள் அப்பா அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருமலோடு படுத்திருந்தார் என்பது எனக்குத் தெரியாது. இல்லை என்றுதான் தலையாட்டினேன். மூச்சு வாங்குகிறவன் தலை எந்தப் பக்கம் ஆடுகிறது என்று யாருக்குத் தெரியும்? குடம் உருண்டது. அவள் போட்ட சத்தத்தில் லயமே வாசலுக்கு வந்துவிட்டது.

"யாரும் சாகலங்க! நான் சும்மா நடக்குறேன்!" என்றேன், மூச்சு வந்ததும்.

"சும்மா நடக்குறேங்கிறாரு பாருங்க. பாவம், சொல்ல மனசு வராம அந்த மனுசனே கொழம்பிப் போயிட்டாரு," என்று ஒருவர் என் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

அன்றைக்கு அந்த லயத்திலிருந்து ஒருவரும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகவில்லை. வேலைக்கு ஆள் காணோமே என்று கணக்கப்பிள்ளை ஏறி வந்து பார்த்துவிட்டு, அவரும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். அவள் காலை பஸ்ஸில் அழுதுகொண்டே போனாள். எனக்குக் கடையில் ஊசி கோக்க முடியவில்லை. ஒருவேளை அந்த மனிதர் நிஜமாகவே போயிருந்தால்? அது எனக்கு எப்படி முன்னாலேயே தெரிந்தது என்று கேட்பார்களே!

சாயந்தரம் வீட்டுக்கு வந்தால், வாசலில் ஒரு கிழவர் இருமிக்கொண்டு நின்றார். பின்னால் முந்தானையால் வாயைப் பொத்தியபடி அந்தக் கடைசி வீட்டுப் பெண்.

"நீங்கதானா அது? சரி, என்னைய எப்பங்க எடுக்கப் போறீங்க?"

நான் திரும்பி ஓடுவதா, காலில் விழுவதா என்று தெரியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"மொதல்ல உக்காருங்க. நீங்க நின்னாலே எனக்கு வயித்தக் கலக்குது. எழவுக்கு வராட்டி பொல்லாப்புன்னுதான் நானே பஸ்ஸேறி வந்துட்டேன்."

குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த என் மனைவி வெகுநேரம் கழித்துத்தான் வெளியே வந்தாள். சிரித்து முடித்துவிட்டு வந்தாள் என்று அவள் கண்ணைப் பார்த்தபோது தெரிந்தது.

அடுத்த நாள் விடிய, காலி மண்ணெண்ணெய்க் கேன் ஒன்றை என் கையில் கொடுத்தாள். "வெறுங்கையோட போயி இன்னும் யாரையும் கொல்லாதீங்க."

அதன்பிறகு கேனோடு நடந்தேன். "எண்ணெய்க்கா?" என்றால் "ஆமாங்க" என்பேன். கடை எதிர்ப்பக்கம் இருப்பது அவர்களுக்கும் தெரியும். ஆனாலும் கையில் ஏதோ இருப்பதால் நிம்மதியாகப் போய்விடுவார்கள். களைப்பு மட்டும் கேனைப் பார்த்து ஏமாறவில்லை. வழக்கம்போல வந்தது, வழக்கம்போல பத்து நிமிடம் நின்றேன்.

மாதம் முடிந்து டொக்டரிடம் போனேன்.

"இருங்கோ," என்றார். நின்றேன்.

"இருங்கோ எண்டு சொல்லுறன்."

"இருக்கேங்களே டொக்டர்."

அவர் பேனாவை வைத்துவிட்டு, கதிரையைக் காட்டி, எங்கள் தமிழைத் தேடிப் பிடித்துச் சொன்னார்: "உக்காருங்க!"

உட்கார்ந்தேன். ஒரு மாதமாக என்னை எங்கே நிற்க வைத்திருந்தார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. நடந்ததைச் சொன்னேன். டொக்டர் சிரித்து முடிக்கும்வரை பிரஷர் பார்க்கும் பட்டி என் கையில் சும்மா தொங்கியது. பிறகு அதை இறுக்கிப் பார்த்தார். இன்னொரு தரமும் பார்த்தார்.

"இறங்கியிருக்கு. குளிசை வேண்டாம். இப்பிடியே நடவுங்கோ. களைப்பு எப்பிடி?"

"மூணு நாளா வரலைங்க," என்றேன். பட்டியைக் கழற்ற வந்த அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "அது ஏங்க டொக்டர், திடீர்னு வராம நின்னுச்சு?"