சமையல்காரரின் நாக்கு

கம்பத்து ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்க்கும் வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் கல்யாணச் சமையல்காரர். பெரிய உடம்பு. குழம்பை உள்ளங்கையில் விட்டு ருசி பார்த்த பழக்கத்தில், சும்மா நிற்கும்போதும் கையை நக்கிக்கொள்வார்.

நர்ஸ் கேட்டதும் ஊறுகாய், கருவாடு, அப்பளம் என்று விலக்க வேண்டியதையெல்லாம் பிசகாமல் ஒப்பித்தார். பிரஷர் மட்டும் ஏறியிருந்தது.

“தெரிஞ்சுமா அண்ணே திங்கிறீக?” என்று வெளியே வந்து கேட்டேன்.

“நர்ஸம்மா சொன்னாகளேன்னு உப்பைக் குறைச்சேன் தம்பி. பிரஷர் இறங்குச்சு. ஆனா நாக்கு மாறிப்போச்சு, லேசாப் போட்டாலே கரிக்குது. சுருளிப்பட்டிக் கல்யாணத்துல நான் சரின்னு இறக்குன சாம்பாரை, உப்பே இல்லைன்னு இலையை மூடிட்டு எந்திரிச்சுட்டாக. பொண்ணோட அப்பா தலைகுனிஞ்சு நின்னாரு. இப்ப முகூர்த்தம் வருதுன்னா ஒரு வாரம் ஊறுகாய அள்ளித் தின்னு நாக்கைத் திருப்பிக் கொண்டாந்துருவேன்.”

“ருசி பார்க்க வேற ஆளு வச்சுக்கலாமே?”

“அப்புறம் என்னைய எதுக்குக் கூப்பிடுறாக? கிண்டுறதுக்கு ஆளு இருக்கு.”

மாத்திரையை மடியில் முடிந்துகொண்டு போனார்.

போன வாரம் ஒரு கல்யாணத்தில் சாப்பிட்டேன். உப்பைக் குறைத்துப் பழகிய என் வாய்க்குச் சாம்பார் கரித்தது. பந்தியில் மற்றவர்களெல்லாம் பிரமாதம் என்று மறுபடியும் கேட்டு வாங்கினார்கள். யார் சமையல் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.