நாலு அடி பேஸ்மட்டம்

ஓசூரில் எங்கள் தெருவுக்கு முன்னால் ஒரு கால்வாய். ஏரி நிரம்பினால் உபரிநீர் அதில்தான் போக வேண்டும். தெருச் சாக்கடையும் அதில்தான் போகிறது. பக்கத்து வீட்டுக்காரர் பேஸ்மட்டத்தை நாலு அடி உயர்த்திக் கட்டினார். நான் இரண்டு அடி. மீதி இரண்டு அடியில் பல வருடமாக என் பொறாமை குடியிருக்கிறது.

அவர் கார் வாங்கினார். கார் ஏறக் கால்வாய்மேல் சிலாப் போட்டார். கார் இல்லாத நானும் போட்டேன், அவருடையதைவிட ஒரு அடி அகலமாக.

போன மழையில் ஏரித் தண்ணீர் என் சிலாப்பில் முட்டி, என் கூடத்துக்குள் திரும்பியது. புத்தக அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்த தத்துவம் முழுவதும் நனைந்தது. அவர் காய்ந்த படியில் நின்று காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"என்னா சார், உள்ள வந்துட்ச்சா?"

"நாங்கதான் கூப்டோம் சார்."

"மேல வந்துருங்க. ஒரு ரூம் குடுக்க மாட்டமா?"

அந்த அன்பைத்தான் தாங்க முடியவில்லை. போகவில்லை. தண்ணீர் வடிந்ததும் வீட்டைக் கழுவினேன். தரைக்கடியில் இருக்கும் குடிநீர்த் தொட்டியை, அதாவது சம்ப்பை, கழுவவில்லை. அதிலிருந்த தண்ணீர் பார்வைக்குத் தெளிவாகத்தான் இருந்தது.

தெருவில் வரிசையாக வயிற்றுப்போக்கு. பத்தாம் நாள் என் மனைவிக்குக் காய்ச்சல், டைபாய்டு என்றார்கள். ஆஸ்பத்திரியில் அடுத்த கட்டிலில் பக்கத்து வீட்டம்மா, அருகில் அவர். ஜன்னலோரக் கட்டில் அவர்களுக்கே கிடைத்திருந்தது. அதையும் கவனித்தேன்.

"உங்க வூடுதான் நாலு அடியாச்சே சார்?" என்றேன். குரலில் கொஞ்சம் சந்தோஷம் இருந்தது, மறைக்கத் தெரியவில்லை.

"வூட்டத்தான் சார் ஒசத்துனேன். சம்ப்பு பூமிக்கடியிலதான இக்குது?"

மனைவி கண் திறக்காமலே கேட்டாள். "ஏங்க, நம்ம சிலாப்ப எப்ப ஒடைப்பீங்க?"

"அவரு மொதல்ல ஒடைக்கட்டும்."

"தண்ணி முட்டுனது நம்மளுதுலதான? இன்னொரு மழ வந்தா எனக்குத் தெம்பு இல்லீங்க."

ஒரு வாய்க் கஞ்சிகூட அவளுக்கு உள்ளே தங்கவில்லை. அன்றே ஆள் கூட்டிவந்து உடைத்தேன். அடியிலிருந்து மெத்தைப் பஞ்சும், தேங்காய் மட்டையும், என் வீடு கட்டியபோது நான் தள்ளிவிட்ட சிமென்ட் மூட்டைகளும் வந்தன. கடப்பாரையோடு தன் சிலாப்பை உடைக்க வந்த பக்கத்து வீட்டுக்காரர் குவியலைப் பார்த்து நின்றார்.

"இவ்ளோவா சார்!"

அவரைவிட எனக்கு அதிகமாக வாய்த்தது அது ஒன்றுதான்.

மனைவி வீடு திரும்பிய அன்று மறுபடி மழை. அவள் வாசலில் உட்கார்ந்து பார்த்தாள். தண்ணீர் எங்கள் வீட்டைச் சட்டைசெய்யாமல் கால்வாயில் போய்க்கொண்டிருந்தது.