ஊதச் சொன்னார்கள்

என் அப்பா வாழ்நாளில் ஒரு சொட்டுச் சாராயம் குடித்தவரில்லை. எங்கள் ஊரில் இதைச் சொன்னால் ஆள் ஏதோ குறையுள்ளவன் என்று நினைப்பார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் மதராஸ் ராஜ்யத்தில் மதுவிலக்கு. இந்தப் பக்கம் தெருவுக்கொரு சாராயக்கடை. பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கிவிட்டுப் போனபோது கடையைத் திறந்தேதான் வைத்துவிட்டுப் போனான். அதைப் பற்றி மட்டும் நம்மவர்கள் யாரும் குறைபட்டுக்கொண்டதில்லை.

அப்பா தட்டாஞ்சாவடிப் பக்கத்தில் கத்தரியும் வெண்டையும் போட்டு, மாட்டுவண்டியில் டவுன் மார்க்கெட்டுக்குக் கொண்டுவந்து விற்பவர். ஒரு கோடையில் அவர் முகம் திடீர் திடீரென்று சிவக்கத் தொடங்கியது. கறுத்த முகம் செங்கல் நிறமாகும்; கழுத்துவரை இறங்கும்; கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடும். சாப்பிட்டால் வரும், கோபப்பட்டால் வரும், யாராவது நாலு பேர் எதிரில் அதட்டினால் நிச்சயம் வரும். கூடவே ஓயாத வயிற்றுப்போக்கு.

மார்க்கெட்டில் தராசைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

“என்னா பெரியவரே, கோழி கூவறதுக்கு முன்னாடியே ஊத்திக்கினியா?”

“நமக்கும் அந்தக் கடையக் காட்டுய்யா. உனக்கு மட்டும் வாடையே வராத சரக்கா குடுக்கறான்!”

அப்பா பதில் சொல்ல வாயெடுப்பார். அதற்குள் முகம் சிவந்துவிடும். அதற்கு மேல் அவர்களுக்கு வேறு சாட்சி எதற்கு?

டவுன் ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து குடலில் ஒரு சின்னக் கட்டியை எடுத்தார்கள். பிரெஞ்சுப் பள்ளியில் பிரவே பரீட்சை பாஸ் பண்ணியவன் என்பதால் டாக்டர் என்னிடம் பிரெஞ்சில் விளக்கினார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை முதலில் மிதித்தவன் நான். அந்தப் படிப்பு உருப்படியாக உதவியது அன்று ஒருநாள்தான். கார்சினாய்டு என்றார். புற்றுநோய் போலத்தான், ஆனால் மெதுவாக வளருவது. அது ஈரலுக்கும் பரவிவிட்டது. அங்கிருந்து ஏதோ ஒரு சுரப்பு ரத்தத்தில் கலக்கிறது, அதனால்தான் முகம் சிவக்கிறது, பேதியாகிறது என்றார்.

மறு வருஷம் அப்பாவுக்குத் தலைவலி வந்தது. விடிந்ததும் வாந்தி. நடந்தால் கால் இடப்பக்கம் இழுத்தது, பேச்சு குழறியது. டாக்டர் சின்ன விளக்கை வைத்துக் கண்ணுக்குள் வெகுநேரம் பார்த்தார். தலைக்குள் அழுத்தம் ஏறியிருக்கிறது, மூளைக்கும் போய்விட்டது போலிருக்கிறது, இந்த வகைக் கட்டி அவ்வளவு தூரம் போவது அபூர்வம் என்றார். மதராஸ் பெரிய ஆஸ்பத்திரியில் கதிர் வைத்துக் கட்டியைச் சுருக்கப் பார்க்கலாம், தாமதிக்காதே என்றார்.

வீட்டுக்கு வந்து சொந்தக்காரர்களைக் கூட்டி வைத்து, ஈரல், ரத்தம், மூளை என்று தரையில் கரிக்கட்டியால் படம் போட்டுக் காட்டினேன். எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள். கடைசியில் பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“நல்லாப் படிக்க வச்சாண்டா என் தம்பி. அப்பன் குடிய மறைக்கப் பிரெஞ்சுல பேரு வச்சிருக்கு புள்ள!”

இதைச் சொல்லும்போது அவர் மேல் வந்த வாடையில் பக்கத்தில் நின்ற அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

நானும் அப்பாவும் மதராஸுக்கு பஸ் ஏறினோம். கோரிமேட்டு எல்லையில் மதுவிலக்குப் போலீஸ் வண்டியை நிறுத்தி ஆண்களை எல்லாம் இறக்கியது. வரிசையாக நின்று ஒவ்வொருவராகப் போலீஸ்காரர் மூக்குக்கு நேரே வாயால் ஊத வேண்டும். தேசம் ஒன்றாகிவிட்டது என்று ஊரெல்லாம் பட்டாசு வெடித்தவர்கள் நாம். ஊதிக் காட்டாமல் அந்தத் தேசத்துக்குள் நுழைய முடியாது.

அப்பாவின் முறை வந்ததும் முகம் சிவந்துவிட்டது.

“ஊதுய்யா.”

ஊதினார். போலீஸ்காரர் முகர்ந்தார். மறுபடி ஊதச் சொல்லி மறுபடி முகர்ந்தார்.

“வாடை இல்லியே. ஏலக்கா மென்னியா?”

“அவருக்கு நோய் சார், தலையில கட்டி” என்றேன்.

“நீ கம்முனு இரு. பெரியவரே, அந்தப் புளியமரம் வரைக்கும் நேரா நட.”

அப்பா நடந்தார். கால் இழுத்தது. இடப்பக்கம் சாய்ந்து, மண்ணில் கையை ஊன்றி விழுந்தார். ஊதிவிட்டு பஸ்ஸில் ஏறியிருந்தவர்கள் கைதட்டினார்கள்! தட்டியவர்களில் பாதிப்பேர் ஊதுவதற்கு முன் வெற்றிலை மென்றவர்கள். டிரைவர் ஹாரன் அடித்தார்; பஸ் போய்விட்டது. கொஞ்சம் கழித்துப் போலீஸ்காரர் அலுத்துப்போய், “சரி, அடுத்த வண்டில போ” என்று பெரிய மனது பண்ணினார்.

அப்பா அசையவில்லை.

“வூட்டுக்குப் போயிடலாம்டா.”

“டாக்டர் சொன்னாருப்பா. இதை வுட்டா வேற வழியில்ல.”

“குடிகாரன்னு பேரு வாங்கிக்கினு நான் அந்தப் பக்கம் பொழைக்கப் போவல.” நாக்குக் குழறியதால் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். “எனக்கு ஒன்னு செய்யி. நான் குடிக்கலன்னு ஊர்ல சொல்லிடு. அது போதும்.”

எவ்வளவு கெஞ்சியும் அடுத்த வண்டியில் ஏற மறுத்துவிட்டார். அந்த மாதமே, வலிப்பு வந்து, நினைவு திரும்பாமல் போய்ச் சேர்ந்தார்.

நான் ஊரில் சொன்னேன். மார்க்கெட்டில் சொன்னேன், இழவு வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். “ஆமாம்பா, ஆமாம்பா” என்றார்கள். செத்தவனை விட்டுக்கொடுக்காத பிள்ளை என்று என்னைப் பாராட்டினார்கள்.

கருமாதியன்று படையல். செத்தவருக்குப் பிடித்ததை எல்லாம் இலையில் வைப்பது எங்கள் வழக்கம். அம்மா கருவாட்டுக் குழம்பு, அதிரசம், ஒரு சொம்பு மோர் வைத்தாள். கடைசியாகப் பெரியப்பா மடியிலிருந்து ஒரு சாராயப் பாட்டிலை எடுத்து இலையின் நடுவில் பயபக்தியோடு நிறுத்தினார்.

“ஆசப்பட்டுக் குடிச்ச மனுசன். மேல போயும் ஏங்கக் கூடாது பாரு.”

கூட்டம் உருகியது. யாரோ ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா குனிந்து, பாட்டிலின் கழுத்தை இரண்டு விரலால் பிடித்து எடுத்து, பெரியப்பாவின் முன்னால் வைத்தாள்.

“இது ஒங்களுது மாமா. எல மாறி வந்துட்டுது.”

பெரியப்பா பாட்டிலைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். பிறகு, கற்பூரம் காட்டி முடிவதற்குள், அதை எடுத்து மடியில் பத்திரமாகச் செருகிக்கொண்டார்.