ஜுபைர் பேர் வராத தாலாட்டு

மணவூரில் பிறந்த கவுசர், திருத்தணி பைபாஸ் ஓரம் மெக்கானிக் ஷெட் வைத்திருந்த ஜுபைருக்கு வாழ்க்கைப்பட்டாள். ஷெட்டில் வருமானம் இல்லை. முழுகாமல் இருந்த அவளை விட்டுவிட்டு லிபியாவுக்கு வேலைக்குப் போனவன், அங்கே கூலி கிடைக்காமல் இத்தாலிக்குப் போகும் படகில் ஏறினான். படகு கவிழ்ந்தது. அதே படகில் போய்ப் பிழைத்த முபாஷிர் ஃபோன் செய்து, கண்ணெதிரே மூழ்கியவர்களின் பேர்களைச் சொன்னான். ஜுபைரை அவன் பார்க்கவில்லை.

ஜுபைரின் அம்மா நிஷாத் பேகம் அதையே பிடித்துக்கொண்டார். வீட்டில் யாரும் அழக் கூடாது, அவனுக்காக இறுதித் தொழுகை வைக்கக் கூடாது.

"அழுதா அவன் போயிட்டான்னு ஆயிடும் வசந்திம்மா," என்றார் என்னிடம்.

பிரசவம் ஆனதும் பிள்ளையையும் தாயையும் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு நான் போனேன். கவுசருக்குப் பால் கட்டியிருந்தது, இறங்கவில்லை. மனசு இறுகினால் மார்பும் இறுகும். ஒத்தடம் கொடுத்தேன். பயனில்லை. புட்டிப்பாலைக் குழந்தை கக்கியது.

ஒருநாள் கவுசர் தாலாட்டுப் பாடினாள். தாலாட்டில் மாமன் பேர் வர வேண்டும். அவளுக்கோ கூடப்பிறந்தவர் இல்லை. முபாஷிர் சொன்ன பேர்களை வைத்துப் பாடினாள்.

"உப்புத்தண்ணி குடிச்ச மாமன் தங்கவேலு வரலையே
அலைமேல போன மாமன் எழிலன் வரலையே..."

பால் இறங்கியது. குழந்தை குடித்தது. நிஷாத் பேகம் கதவருகே நின்று கடைசிப் பேர் வரை கேட்டார்.

"பாடிக்கோ. எம்புள்ள பேரு மட்டும் வரக் கூடாது."

"பால் குடுக்கக்கூட உங்ககிட்ட கேட்டுகினுதான் குடுக்கணுமா?" என்றேன்.

சில நாள் ஓடியது. பிறகு அதே பேர்களைத் திரும்பத் திரும்பப் பாடியும் பால் வரவில்லை. பிள்ளையின் உச்சிக்குழி உள்வாங்கியிருந்தது. அழக்கூடத் தெம்பில்லை.

"ஆட்டோ வரச் சொல்லிக்கீறேன், ஆஸ்பத்திரிக்குப் போலாம்," என்றேன் நிஷாத் பேகத்திடம். "அதுக்குள்ள ஒரு வாய் உள்ள போவணும். இன்னும் ஒரு பேரு பாக்கி கீது. உங்களுக்கே தெரியும்."

கவுசர் நிமிர்ந்தாள். "மாமி..."

நிஷாத் பேகம் பேரப்பிள்ளையைப் பார்த்தார். பின்கட்டுக்குப் போனார். குழாயை முழுசாகத் திறந்துவிடும் சத்தம் கேட்டது. இரும்பு பக்கெட்டில் தண்ணீர் இரைந்தது.

அந்த இரைச்சலில் கவுசர் பாடினாள்.

"கரை தேடிப் போன அத்தா ஜுபைரும் வரலையே..."

பிள்ளைக்கு அப்பன் பேரைச் சொன்னதும் அவளுக்கு அழுகைதான் வந்தது. பிள்ளையின் வாயை மார்பில் வைத்து அழுத்திப் பிடித்தேன். விழுங்கும் சத்தம் கேட்டது.

பக்கெட் நிரம்பி வழிந்து தண்ணீர் நடைவரை வந்துவிட்டது. குழாயை மூட நான்தான் போனேன். நிஷாத் பேகம் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஈரத்தில் உட்கார்ந்திருந்தார்.

"பாடி முடிச்சுட்டாளா?" என்று கேட்டார்.